கோழிக்கு அரிசி போட்ட டாக்டர் எய்க்மான்



இந்த மாதம் சுவர்ப் பத்திரிகையில் அறிவியல் அறிஞர் வாழ்க்கை வரலாறு எழுதும் முறை எங்கள் வகுப்புக்கு வந்தது. நியூட்டன், எடிசன், மேரி கியூரி எல்லாரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்தது கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டாக்டரை. இது யாருன்னு எல்லாரும் கேட்டாங்க. நோபல் பரிசு வாங்கினவர். ஆனால் நான் அவரை எடுத்ததற்குக் காரணம் நோபல் பரிசு இல்லை, எங்க வீட்டுக் கோழிதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன தை மாசம் எங்க வீட்டுல பதினொரு கோழி இருந்துச்சு. திடீர்னு கழிச்சல் வந்து மூணே நாளில் நாலு கோழி செத்துப்போச்சு. முட்டை விற்கிற காசில்தான் அம்மா எனக்கு நோட்டு, பேனா வாங்கித் தருவாங்க. அதனால வீட்டுல எல்லாரும் பதறிப்போயிட்டோம். அன்னைக்கே அப்பா கூட்டை வேற இடத்துக்கு மாத்தி, தரையில சுண்ணாம்பு தெளிச்சார். அப்பத்தா சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள் எல்லாம் வச்சு அரைச்சு உருண்டை பிடிச்சு ஒவ்வொரு கோழி வாயிலயும் திணிச்சாங்க. நான் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆறவிட்டு வச்சேன். மிச்சம் இருந்த ஏழு கோழியும் பிழைச்சுக்கிச்சு.

நான் வகுப்பில் எழுந்து, கொதிக்க வைத்த தண்ணீர்தான் கோழிகளைக் காப்பாற்றியது, இதுவே என் செய்முறை என்று பெருமையாகச் சொன்னேன். அறிவியல் டீச்சர் திட்டவில்லை. கூட்டை மாற்றாமல், உருண்டை கொடுக்காமல், தண்ணீரை மட்டும் மாற்றியிருந்தால் பிழைத்திருக்குமா என்று மட்டும் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பின்னாடி பெஞ்சில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்றைக்குத்தான் டீச்சர் கரும்பலகையில் சாரா மாறி, சார்ந்த மாறி என்று எழுதிப் பாடம் நடத்தினார்கள். நாம் வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பது சாரா மாறி. அதை மாற்றியதால் எது மாறுகிறதோ அது சார்ந்த மாறி. மற்றதையெல்லாம் மாறவிடாமல் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் மூன்று வரிதான். எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. வகுப்பு முடிந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உன்னை மாதிரியே கோழியை வைத்துக் குழம்பின ஒருவர் இருக்கிறார், படித்துப் பார் என்று சொன்னார்கள். அவர்தான் எய்க்மான்.

எய்க்மான் நெதர்லாந்து நாட்டில் நைகெர்க் என்ற சிறிய ஊரில் 1858 ஆகஸ்ட் 11 அன்று பிறந்தார். வீட்டில் ஏழாவது பிள்ளை. அப்பா பள்ளித் தலைமை ஆசிரியர். அடுத்த வருடமே குடும்பம் ஜாண்டாம் என்ற ஊருக்குப் போய்விட்டது. எய்க்மான் தன் அப்பா நடத்திய பள்ளியிலேயே படித்தார். (தலைமை ஆசிரியர் பிள்ளையாக இருந்தால் எவ்வளவு கஷ்டம் என்று நம் பள்ளியில் இருப்பவர்களுக்குத் தெரியும்.) 1875-இல் ஆம்ஸ்டர்டாமில் ராணுவ மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் டாக்டராக வேலை செய்ய வேண்டும். 1883-இல் நரம்புகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி டாக்டர் பட்டம் வாங்கினார். நரம்பு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அதே வருடம் கல்யாணமும் ஆகி, கப்பலேறி ஜாவாவுக்குப் போனார். இன்றைக்கு இந்தோனேசியா என்று நாம் படிக்கிற நாடு அப்போது டச்சுக்காரர்களிடம் அடிமையாக இருந்தது. ஜாவாவிலும் சுமத்ராவிலும் ராணுவ டாக்டராக வேலை பார்த்தார். அங்கே மலேரியா காய்ச்சல் பிடித்து உடம்பு ரொம்பக் கெட்டுப்போனது. 1885-இல் விடுமுறை போட்டு ஊர் திரும்பினார். 1886-இல் அவருடைய மனைவியும் இறந்துபோனார்.

நானாக இருந்தால் அத்தோடு ஜாவா பக்கமே போயிருக்க மாட்டேன். அவர் ஜெர்மனியில் பெர்லின் நகரத்துக்குப் போய் ராபர்ட் கோச் என்ற பெரிய விஞ்ஞானியின் ஆய்வகத்தில் சேர்ந்தார். காசநோய்க்குக் காரணமான கிருமியை 1882-இல் கண்டுபிடித்தவர் கோச் என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அந்தக் காலத்தில் எந்த நோயாக இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கிருமி இருக்கும், தேடினால் கிடைக்கும் என்றுதான் டாக்டர்கள் நினைத்தார்கள். எய்க்மானும் அப்படித்தான் நினைத்தார்.

அப்போது ஜாவா பக்கம் பெரிபெரி என்ற நோய் வாட்டி எடுத்துக்கொண்டிருந்தது. இந்த நோய் வந்தால் முதலில் கால் மரத்துப்போகும், நடக்க முடியாது. சிலருக்கு உடம்பு வீங்கும். கடைசியில் இதயம் நின்றுவிடும். ராணுவ வீரர்கள், கப்பலில் வேலை செய்கிறவர்கள், சிறைக் கைதிகள் என்று கூட்டம் கூட்டமாகப் பாதிக்கப்பட்டார்கள். ஒரே இடத்தில் நிறைய பேருக்கு வந்ததால் இது தொற்றுநோய்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். நாமும் அப்படித்தானே நினைத்திருப்போம்.

டச்சு அரசாங்கம் பெக்கெல்ஹாரிங், விங்க்ளர் என்ற இரண்டு பேரை அனுப்பி இதற்குக் கிருமியைக் கண்டுபிடிக்கச் சொன்னது. அவர்கள் பெர்லினில் எய்க்மானைப் பார்த்து, உதவிக்கு அழைத்துக்கொண்டார்கள். 1886-இல் மூன்று பேரும் ஜாவாவுக்குப் போனார்கள். படேவியா நகரத்தில் (இப்போது ஜகார்த்தா) ராணுவ மருத்துவமனைக்குள் சின்னதாக ஒரு ஆய்வகம் ஏற்பாடு ஆனது. 1887-இல் பெரியவர்கள் இரண்டு பேரும், கிருமி கிடைத்துவிட்டது போல இருக்கிறது, இனிமேல் நீ பார்த்துக்கொள் என்கிற மாதிரி எய்க்மானிடம் விட்டுவிட்டு நெதர்லாந்துக்குத் திரும்பினார்கள். 1888 ஜனவரியில் எய்க்மான் அந்த ஆய்வகத்துக்கு இயக்குநர் ஆனார். அதே வருடம் மறுமணமும் செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

இனிமேல்தான் கோழி வருகிறது.

நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த இரத்தத்தைப் பிராணிகளுக்கு ஊசி மூலம் செலுத்தி, நோய் வருகிறதா என்று பார்ப்பதுதான் எய்க்மானின் திட்டம். முயல்களை வைத்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. கோழி என்றால் விலை குறைவு, நிறைய வாங்கலாம், நாள்கணக்காக வைத்து வளர்க்கலாம். அதனால் கோழிகள் வாங்கினார். சில கோழிகளுக்கு ஊசி போட்டார். சில கோழிகளுக்குப் போடாமல் சும்மா விட்டார்.

இந்தச் சும்மா விட்ட கோழிகள்தான் கதையில் முக்கியம். எனக்கு இது முதலில் புரியவே இல்லை. நோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் ஊசி போட வேண்டியதுதானே, எதற்குச் சில கோழிகளை விட வேண்டும்? டீச்சரிடம் போய்க் கேட்டேன். எங்க வீட்டுக் கோழியையே வைத்து விளக்கினார்கள். ஏழு கோழிக்கும் தண்ணீரை மாற்றிவிட்டு ஏழும் பிழைத்தது என்றால், மாற்றாமல் விட்டாலும் ஏழும் பிழைத்திருக்குமோ என்னவோ, யாருக்குத் தெரியும்? ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இல்லையே. எய்க்மான் திட்டத்தில் சாரா மாறி என்பது ஊசி. சார்ந்த மாறி என்பது நோய். ஊசி போட்ட கோழிக்கு நோய் வந்து, போடாத கோழி நன்றாக இருந்தால் ஊசிதான் காரணம் என்று சொல்லலாம்.

1889-ஆம் வருடம் ஜூலை 10-ஆம் தேதி முதல் கோழிகளுக்கு நோய் வர ஆரம்பித்தது. நடை தள்ளாடியது. பிறகு கம்பியில் ஏறி உட்கார முடியவில்லை. கால் மடங்கி விழுந்தன. இறக்கையும் தொங்கியது. கடைசியில் பக்கவாட்டில் படுத்துவிட்டன, எழவே இல்லை. செத்த கோழியை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நரம்புகள் கெட்டுப்போயிருந்தன. பெரிபெரி வந்து இறந்த மனிதர்களுக்கும் நரம்புதான் கெட்டிருந்தது. நரம்பைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கினவர் ஆயிற்றே, அவருக்கு உடனே பொறி தட்டியிருக்கும்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஊசி போட்ட கோழிக்கும் நோய் வந்தது. போடாத கோழிக்கும் நோய் வந்தது.

இந்த இடத்தில் நானாக இருந்தால் ஊசி போடாத கோழிகளை மறைத்துவிட்டு, பார்த்தீர்களா நோய் வந்துவிட்டது என்று வகுப்பில் எழுந்து சொல்லியிருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒருவேளை ஊசி போட்ட கோழியிடமிருந்து மற்றதுக்கு ஒட்டியிருக்குமோ என்று புதுக் கோழிகளைத் தனியாக வைத்துப் பார்த்தார். அதற்கும் வந்தது. ஆய்வகம் முழுக்கவே கிருமி பரவிவிட்டதோ என்று யோசித்தார்.

நவம்பர் மாதக் கடைசியில் இன்னொரு ஆச்சரியம். எந்த மருந்தும் கொடுக்காமலேயே கோழிகளுக்கு நோய் சரியாகிவிட்டது. புதிதாக எந்தக் கோழிக்கும் நோய் வரவும் இல்லை.

எய்க்மான் எதையும் மாற்றவில்லை. ஆனால் கோழி மாறிவிட்டது. அப்படியென்றால் அவருக்குத் தெரியாமல் வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும். சார்ந்த மாறி மாறிவிட்டது, சாரா மாறி எது என்று தெரியவில்லை. திருடன் வந்து போனது தெரிகிறது, ஆள் யார் என்று தெரியவில்லை என்கிற மாதிரி. விசாரித்துப் பார்த்ததில் தீனி விஷயம் வெளியே வந்தது. கோழிகளைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் செலவை மிச்சப்படுத்த, ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் இருந்து சோறு வாங்கிப் போட்டிருக்கிறார். அது நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. அதற்கு முன்னால் போட்டது சாதாரணத் தீட்டாத அரிசி. பிறகு சமையல்காரர் மாறிவிட்டார். புதிதாக வந்தவர், ராணுவத்து அரிசியை ராணுவத்தில் சேராத கோழிக்கெல்லாம் போட முடியாது என்று சொல்லி நிறுத்திவிட்டார். (இதைப் படித்ததும் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்பத்தா என்னடி என்று கேட்டாங்க.) மறுபடி பழைய அரிசியே வந்தது. தேதி போட்டுப் பார்த்தால், வெள்ளைச் சோறு போட்டது ஜூன் 17 முதல் நவம்பர் 27 வரை. நோய் ஆரம்பித்தது ஜூலை 10. நோய் நின்றது நவம்பர் கடைசி நாட்கள்.

பொருந்துகிறது அல்லவா? நான் என்றால் அத்தோடு முடித்திருப்பேன். எய்க்மானுக்கு இது ஒரு சந்தேகம் மட்டும்தான். ஏனென்றால் சோறு மாறியபோது ஒன்று மட்டும் மாறவில்லை. பச்சையாக இருந்த அரிசி வெந்த சோறாக மாறியது. தவிடுள்ள அரிசி தீட்டிய அரிசியாக மாறியது. மிச்சச் சோறு என்றால் பழசாகவும் இருக்கலாம். வேகவைத்த தண்ணீரும் வேறு. இதில் எது காரணம்? அப்பாவின் கூடா, அப்பத்தாவின் உருண்டையா, என் தண்ணீரா என்கிற அதே கேள்விதான்.

அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். சில கோழிகளுக்குத் தீட்டிய அரிசியை வேகவைக்காமல் பச்சையாகவே போட்டார், நோய் வந்தது. அப்படியென்றால் வேகவைத்தது காரணம் இல்லை, சமைத்த தண்ணீரும் காரணம் இல்லை. புதிதாகத் தீட்டிய அரிசியைப் போட்டாலும் நோய் வந்தது. பழசானது காரணம் இல்லை. உமி மட்டும் நீக்கி, உள்ளே இருக்கிற மெல்லிய தோலை நீக்காத அரிசியைப் போட்டார். நோய் வரவில்லை. நோய் வந்த கோழிக்குத் தவிட்டைக் கொடுத்தார், சரியானது. அரிசியை விட்டுவிட்டு ஜவ்வரிசி மாதிரி வெறும் மாவுச்சத்தாகப் போட்டாலும் நோய் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினார். கோழி, கூடு, ஊர், வெயில் எல்லாம் அப்படியே இருந்தன.

இன்னொன்றும் கவனித்தேன். சார்ந்த மாறியைச் சும்மா பார்த்தால் போதாது, அளக்க வேண்டும். எங்க வீட்டுல நான் பார்த்தது கோழி நல்லா இருக்கு, நல்லா இல்லை, அவ்வளவுதான். எந்தத் தேதி, எந்தக் கோழி என்று எதையும் எழுதி வைக்கவில்லை. எய்க்மானிடம் எத்தனையாவது நாளில் கால் தள்ளாடியது என்ற கணக்கு இருந்தது. பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் தள்ளாடிவிடும். நுண்ணோக்கியில் பார்த்த நரம்பும் இருந்தது.

இங்கே ஜப்பான் கதை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எய்க்மானுக்கு முன்பே தகாகி என்ற கடற்படை டாக்டர், சாப்பாட்டில்தான் ஏதோ கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டார். 1882-83-இல் ஒரு போர்க்கப்பல் நீண்ட பயணம் போனது. அதில் இருந்த 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி வந்து 25 பேர் இறந்தார்கள். 1884-இல் தகாகி இன்னொரு கப்பலை அதே வழியில் அனுப்பி வைத்தார். ஆனால் சாப்பாட்டை மாற்றினார். இறைச்சி, பால், ரொட்டி என்று பலதும் சேர்த்து, அரிசியைக் குறைத்தார். அந்தக் கப்பலில் மிகச் சிலருக்குத்தான் நோய் வந்தது. எத்தனை உயிர் பிழைத்தது பாருங்கள்! ஆனால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றியதால் எது காப்பாற்றியது என்று அவருக்குத் தெரியவில்லை. புரதம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டார். அது தவறு. உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் எல்லாவற்றையும் மாற்றலாம், அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எங்க வீட்டுலயும் அதைத்தான் செஞ்சோம்.

எய்க்மான் மட்டும் எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. அரிசியின் மாவுச்சத்தில் ஏதோ விஷம் இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்று அவர் நினைத்தார். சோதனை சரி, அதற்குச் சொன்ன விளக்கம் தவறு. கிருமி, விஷம் என்று கெட்ட பொருளையே தேடிப் பழகிவிட்டதால், ஒரு நல்ல பொருள் இல்லாமல் போனாலும் நோய் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை போல.

கோழி சரி, மனிதர்களுக்கு? மனிதர்களை வேண்டுமென்றே நோயாளி ஆக்கிப் பார்க்க முடியாது. எய்க்மான் இதை ஃபோர்டர்மான் என்ற சுகாதார ஆய்வாளரிடம் சொன்னார். ஜாவாவில் சிறைச்சாலைகளில் அந்தந்த ஊர் வழக்கப்படி அரிசி போடுவார்கள். சில சிறையில் தீட்டியது, சில சிறையில் தீட்டாதது, சிலதில் இரண்டும் கலந்தது. யாருக்கும் எதையும் மாற்றாமலேயே கணக்கு எடுக்கலாம். ஃபோர்டர்மான் 1895-96-இல் 101 சிறைகளில் கணக்கு எடுத்தார். கைதிகள் மொத்தம் ஏறக்குறைய 2,80,000 பேர். தீட்டாத அரிசி போட்ட 37 சிறைகளில் ஒன்றே ஒன்றில்தான் பெரிபெரி இருந்தது. கலந்து போட்ட 13-இல் 6. தீட்டிய வெள்ளை அரிசி போட்ட 51 சிறைகளில் 36-இல் பெரிபெரி!

அதோடு விடாமல் கட்டடம் எத்தனை வருடப் பழசு, காற்று வருகிறதா, தரை எப்படி, கூட்டம் அதிகமா என்றும் அவர் எழுதிக்கொண்டார். அவற்றுக்கும் நோய்க்கும் சம்பந்தம் தெரியவில்லை. மாறாமல் நிறுத்தி வைக்க முடியாத மாறிகளை இப்படிக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க முடியும் என்று டீச்சர் சொன்னார்கள். இதுவும் சோதனை மாதிரிதானே என்று கேட்டேன். இது கணக்கெடுப்பு, சோதனை என்றால் நாமே மாற்ற வேண்டும் என்றார்கள். சிறைகளில் அரிசியை மாற்றியது ஃபோர்டர்மான் இல்லை, ஊர் வழக்கம்.

இந்த முடிவு வரும்போது எய்க்மான் ஜாவாவில் இல்லை. உடம்பு சரியில்லாமல் 1896 மார்ச்சில் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் வேலை செய்த கெரிட் கிரெயின்ஸ் என்பவர் அதே கோழி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பச்சைப் பயறு கொடுத்தாலும் கோழிக்கு நோய் வராது என்று கண்டார். விஷம் எதுவும் இல்லை, தவிட்டிலும் பயறிலும் இருக்கிற ஏதோ ஒரு பொருள் உடம்புக்குத் தேவை, அது கிடைக்காமல் போவதுதான் நோய் என்று 1901-இல் எழுதினார். அதுதான் சரியான விளக்கம். எய்க்மானும் பிறகு அதை ஏற்றுக்கொண்டார். 1912-இல் ஃபங்க் என்பவர் இந்த மாதிரிப் பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயர் வைத்தார். 1926-இல் ஜான்சன், டொனாத் என்ற இரண்டு பேர் படேவியாவில் எய்க்மானுடைய அதே ஆய்வகத்தில் அரிசித் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்து எடுத்தார்கள். அதுதான் நாம் படிக்கும் வைட்டமின் பி1, தயமின். 1936-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் பிறந்தது நம் பக்கத்து நெல்லூரில்! ஊர் பெயரிலேயே நெல் இருக்கிறது.

அப்பத்தாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அந்தக் காலத்தில் உரலில் குத்தின அரிசியைத்தான் நாங்க சாப்பிட்டோம், தவிடு அதிலேயே இருக்கும், மில்லுக்கு யார் போனா என்று சொன்னாங்க. நெல்லைப் புழுக்கிக் காயவைத்துக் குத்துவோம் என்றும் சொன்னாங்க. அங்கேயும் ஒரு விஷயம் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள் போய்விடுமாம். அதனால் பிறகு தீட்டினாலும் எல்லாம் போய்விடாது. மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போன நம் தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டதால் அவர்களுக்குப் பெரிபெரி வரவில்லை, அதே ஊரில் வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு வந்தது என்று பிராடன் என்ற டாக்டர் 1900-க்குப் பிறகு கவனித்து எழுதியிருக்கிறார். அப்பத்தாவுக்கு ஒரே பெருமை. எங்க அம்மாவுக்கு அப்பவே தெரியும்னு சொல்லிட்டாங்க. தெரிஞ்சு செஞ்சாங்களா, வழக்கமா செஞ்சாங்களான்னு நான் கேட்கலை. கேட்டா அடி விழும்.

மறுபடி எய்க்மானிடம் வருகிறேன். 1898-இல் அவர் நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சுகாதாரத் துறைப் பேராசிரியர் ஆனார். 1928 வரை முப்பது வருடம் அங்கேயே பாடம் நடத்தினார். குடிக்கிற தண்ணீரில் மலக்கிருமி கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனையும் அவர் உண்டாக்கினார்.

1929-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு எய்க்மானுக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாப்கின்ஸுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. கோழிகளுக்குக் கால் தள்ளாடி நாற்பது வருடம் கழித்து. அப்போது எய்க்மானுக்கு வயது எழுபத்தொன்று. உடம்பு முடியாததால் ஸ்டாக்ஹோம் நகரத்துக்குப் போய்ப் பரிசை வாங்க முடியவில்லை. 1930 நவம்பர் 5-ஆம் தேதி உட்ரெக்டில் இறந்தார். அவர் வேலை செய்த படேவியா ஆய்வகத்துக்கு 1938-இல் அவர் பெயரையே வைத்தார்கள். சரியான விளக்கத்தைச் சொன்ன கிரெயின்ஸுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. எனக்கு அது வருத்தம்தான். பெயர் தெரியாத அந்தச் சமையல்காரருக்கும் ஒரு சின்ன மெடலாவது கொடுத்திருக்கலாம்.

இரண்டு தாள் நிரம்பிவிட்டது. ஓரத்தில் நான் வரைந்திருக்கும் கோழியைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம், அது நோய் வந்த கோழி, அதனால்தான் கால் அப்படி இருக்கிறது.

போன வாரம் பக்கத்து வீட்டுச் சின்னம்மா வந்தாங்க. அவங்க கோழிக்கும் கழிச்சல் ஆரம்பிச்சிருக்கு. உங்க வீட்டுல எது குடுத்து நிப்பாட்டினீங்கன்னு கேட்டாங்க. நான் கூடு, உருண்டை, தண்ணி மூணுல எதுன்னு தெரியலை, மூணையும் ஒரே நாள்ல செஞ்சோம், ஒரு கோழியைக்கூடச் சும்மா விடலைன்னு உண்மையைச் சொன்னேன். கால்நடை மருந்தகத்துல கேளுங்க, தடுப்பூசி இருக்குன்னும் சொன்னேன். உங்க கோழியில பாதிக்கு மட்டும் உருண்டை குடுத்துப் பார்ப்போமான்னும் மெதுவாக் கேட்டேன். மிச்சப் பாதி செத்தா நீ காசு குடுப்பியான்னு சின்னம்மா கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. அதுக்குள்ள அப்பத்தா உள்ளேயிருந்து ஒரு கை சின்ன வெங்காயத்தை எடுத்துட்டு வந்து சின்னம்மா மடியில போட்டு அனுப்பிட்டாங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி